சும்மா கிடந்த களம்

சர்வே எடுக்க ஆள் வருகிறது என்ற சேதி செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. மத்தியானத்துக்குள் அல்போன்சா களத்தில் தன்னோடு வேலை செய்த நாற்பது பெண்களுக்கும் பாடம் நடத்தி முடித்துவிட்டாள். பாடம் என்றால் பெரிய பாடமில்லை, ஒரே ஒரு வார்த்தைதான்.

"எவன் வந்து என்ன கேட்டாலும் சும்மா இருக்கோம்னு சொல்லணும். இங்கன என்ன செய்யுதியன்னு கேப்பான். சும்மா காத்து வாங்க வந்தோம். இந்த இடத்துல என்ன நடக்கும்னு கேப்பான். ஒண்ணும் நடக்காது, சும்மாதான் கெடக்கு. வெளங்குச்சா?"

விளங்கியது. அல்போன்சா சொல்லி விளங்காமல் போனதாகச் சரித்திரம் கிடையாது. ஐம்பத்து நாலு வயது, கட்டுமஸ்தான உடம்பு, நாக்கில் எப்போதும் உப்பு. வியாபாரி எடையில் கை வைத்தால் தராசைப் பிடுங்கிக் கடலில் எறிகிறவள். அந்தப் பெண்களுக்கு அவள்தான் தலைவி. யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. எதிர்த்து நிற்க ஆள் இல்லாததால் ஆகிவிட்டாள்.

துறைமுகத்துக்கு வடக்கே, தருவைகுளம் போகிற சாலைக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த மணல்வெளிதான் களம். அங்கே பழைய வலைகளை விரித்து நெத்திலி, காரல் மீன்களைக் காயப்போடுவார்கள். ஒரு மரம் கிடையாது. அதுதான் அந்த இடத்தின் அருமை. காலை ஏழு மணிக்கு விழுகிற வெயில் சாயங்காலம் ஐந்து மணி வரை ஒரு தடையும் இல்லாமல் விழும். இரண்டே வெயிலில் நெத்திலி காய்ந்து, கையில் அள்ளினால் கலகலவென்று சத்தம் கொடுக்கும். நாற்பத்தொரு வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த வெயிலில்தான்.

களத்தைச் சுற்றி ஆறேழு வருடமாக ஊரே வேறாகிவிட்டது. கன்டெய்னர் யார்டு வந்தது, குடோன் வந்தது, கண்ணாடிச் சுவர் வைத்த ஷிப்பிங் ஆபீஸ்கள் வந்தன. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பிள்ளைகள் மத்தியானச் சாப்பாட்டுக்கு நிழல் தேடி அலைந்தார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து டவுன்ஷிப் என்று பெயர் வைத்தார்கள். டவுன்ஷிப் என்று ஆனபிறகு பூங்கா வேண்டாமா, நடைபாதை வேண்டாமா? பொது இடங்களைச் சீரமைக்க ஒரு குழுமம் அமைத்தார்கள். அந்தக் குழுமத்தின் சர்வேதான் வரப்போகிறது.

சர்வே என்றாலே அல்போன்சாவுக்கு ஆகாது. அதற்குக் காரணம் இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன்னால் அவர்கள் பைபாஸ் ரோட்டுச் சுவரோரம் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் ஒரு அதிகாரி வந்தார், தங்கமான மனுஷன் மாதிரிப் பேசினார். எத்தனை பெண்கள், எத்தனை கூடை, எந்த வியாபாரிக்குப் போகிறது என்றெல்லாம் கேட்டார். அல்போன்சா பெருமை பொங்க அத்தனையும் சொன்னாள். வெயிலில் நிற்கிறாரே என்று கலர் வாங்கி வேறு கொடுத்தாள். கலரைக் குடித்துவிட்டுப் போன மனுஷன் எழுதியதை வைத்து அடுத்த மாதம் நோட்டீஸ் வந்தது. 'ஆக்கிரமிப்பு.' நோட்டீஸின் பின்னாலேயே ஜேசிபி வந்தது. ஏதாவது செய்கிறோம் என்று சொன்னால் ஆக்கிரமிப்பு, சும்மா இருக்கிறோம் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று அன்றைக்கு அவள் கற்றுக்கொண்டாள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை அண்டுமா?

ஜெர்லின் ஒருத்திதான் தலையாட்டவில்லை. முப்பது வயசு, பிளஸ் டூ வரை படித்தவள். அவள் கணவன் ரெக்சன் கல்ஃபுக்குப் போய் அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டான். இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு களத்தை நம்பி இருந்தாள்.

"சித்தி, எங்கம்மா ஊர்ல, தருவைகுளத்துலயும் இவியதான் வந்து கேட்டாவளாம். அங்கன எல்லாரும் நெசத்தச் சொல்லிட்டாவ. வார பிள்ள நல்ல பிள்ளயாம். நாமளும் சொல்லிப் பாப்பமா?"

"ஏளா, பைபாஸ்ல ஜேசிபிக்கு முன்னால விழுந்து கெடந்தது நீயா, நானா?"

"நீங்கதான்."

"அப்பம் வாய மூடிட்டு இரி."

ஜெர்லின் வலையைச் சுருட்டப் போனாள்.

புதன், வியாழன் இரண்டு நாளும் களத்தில் ஒரு நெத்திலி விழவில்லை. வலைகளைச் சுருட்டி வீடுகளுக்குள் போட்டார்கள். அன்றைக்கென்று பார்த்து வள்ளம் நிறைய நெத்திலி வந்தது. வந்த விலைக்குப் பச்சையாகவே தள்ளிவிட்டார்கள். அல்போன்சா விளக்குமாறு எடுத்துக் களம் முழுக்கப் பெருக்க வைத்தாள். செதில் ஒன்று மினுங்கினாலும், "அங்கன பாருளா, அதப் பொறுக்கு" என்று கத்தினாள். முடித்துவிட்டுப் பார்த்தபோது மணல் விரித்துப்போட்ட வெள்ளைச் சேலை மாதிரி இருந்தது. அவளுக்கே பெருமையாக இருந்தது.

வியாழன் பதினோரு மணிக்கு அனிஷா வந்தாள். கோயம்புத்தூர்ப் பெண். இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். தலையில் தொப்பி, கையில் படிவக் கட்டு. கூட வந்தவன் ட்ரோனைப் பறக்கவிட்டான். பெண்கள் அண்ணாந்து பார்த்துக் கை காட்டினார்கள்.

"இங்க என்னம்மா பண்றீங்க?" என்று அனிஷா கேட்டாள்.

"சும்மா இருக்கோம் மேடம்."

"தினமும் வருவீங்களா?"

"சும்மா வருவோம். காத்து வாங்குவோம். போயிருவோம்."

அனிஷா மூக்கைச் சுருக்கினாள். "மீன் வாடை அடிக்குதே?"

"கடக்கரையில மீன் வாடதான் அடிக்கும். மல்லியப்பூ வாடயா அடிக்கும்?"

பெண்கள் சிரித்தார்கள். அனிஷாவும் சிரித்துவிட்டாள். ஆனாலும் அவள் லேசில் விடவில்லை. "ஏதாவது தொழில் நடந்தா சொல்லுங்கம்மா, பயப்படாதீங்க" என்று இரண்டு முறை கேட்டாள். தங்கமான மனுஷனும் இப்படித்தான் கேட்டார் என்று அல்போன்சா நினைத்துக்கொண்டாள்.

படிவம் ஒவ்வொருத்தி கைக்கும் போனது. எழுதத் தெரியாதவர்களுக்கு அல்போன்சா சொல்லச் சொல்ல அனிஷா எழுதினாள். ஜெர்லின் மட்டும் தன் படிவத்தைத் தானே எழுதினாள். அல்போன்சா எட்டிப் பார்த்தாள். கடைசி வரியில், 'இங்கு நெத்திலி காயப்' என்பது வரைக்கும் வந்திருந்தது. பேனாவைப் பிடுங்கிக் குறுக்கே இரண்டு கோடு இழுத்தாள்.

"இவளுக்கு எழுதத் தெரியாது மேடம். தப்பா எழுதிட்டா."

ஜெர்லின் முகம் செத்துவிட்டது. ஊரிலேயே கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியவள். அடித்த கோட்டுக்குக் கீழே 'சும்மா இருக்கிறோம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நாற்பத்தோராவது கையெழுத்து அது.

அவர்கள் போனதும் பெண்கள் அல்போன்சாவைத் தூக்கிக் கொண்டாடாத குறைதான். மறுநாள் வலைகள் மறுபடியும் விரிந்தன. ஒரு மாதம் போயிற்று, நோட்டீஸ் இல்லை. மூன்று மாதம் போயிற்று, ஜேசிபி இல்லை. "பாத்தியாளா?" என்று ஜெர்லினைப் பார்க்கும்போதெல்லாம் அல்போன்சா கேட்டாள். ஜெர்லினும், "நீங்க சொன்னா சரிதான் சித்தி" என்றாள்.

ஆறாவது மாதம் டவுன்ஷிப் ஹாலில் கூட்டம் போட்டார்கள். எல்லாரும் வரலாம், கருத்துச் சொல்லலாம் என்று ஆட்டோவில் மைக் கட்டிக் கூப்பிட்டார்கள். அல்போன்சா நாலு பெண்களோடு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ஏசி குளிருக்குச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். குழுமத்தின் இன்ஜினியர் பாண்டியராஜன் மேடையில் ஒவ்வொரு படமாகப் போட்டு விளக்கினார். பஸ் நிழற்குடை, லாரி நிற்க இடம், கழிப்பறை. எல்லாம் நல்ல காரியங்கள்தான். அல்போன்சாவே இரண்டுக்குக் கை தட்டினாள்.

பிறகு களம் வந்தது. மேலிருந்து எடுத்த படம். வெள்ளைவெளேர் என்று மணல், ஓரத்தில் கை காட்டுகிற பெண்கள். படத்தின் மேல் சிவப்பில் எழுதியிருந்தது: 'பயன்பாடு இல்லாத இடம்.' அடுத்த படத்தில் அதே இடம் முழுக்க மரம். மரத்தடியில் பெஞ்சு, நடக்கப் பாதை, நடுவில் பெரிய கூடாரத் துணி.

"இந்த டவுன்ஷிப்புல நிழலே இல்லன்னு எல்லாரும் கேட்டீங்க" என்றார் பாண்டியராஜன். "வளர்ந்த மரத்தையே லாரியில கொண்டுவந்து நடப்போறோம். ஒரு சதுர அடி வெயில் விழாது."

ஹால் முழுக்கக் கை தட்டினார்கள். அட்டை போட்ட பிள்ளைகள் விசிலடித்தார்கள். அல்போன்சா எழுந்து நின்றது யாருக்கும் தெரியவில்லை. கை தட்டல் ஓயும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.

"சார், எங்களுக்கு நெழல் வேண்டாம். வெயிலு வேணும்."

சிரிப்புக் கிளம்பியது. பாண்டியராஜன் சிரிக்கவில்லை. "சொல்லுங்கம்மா."

"அங்கன நாங்க நெத்திலி காயப்போடுதோம் சார். நாப்பத்தொரு பேரு. பைபாஸ்ல இருந்து வெரட்டுன நாள்லேருந்து அங்கதான் பொழைக்கோம். மரத்த வச்சா மீன் அழுவிரும்."

பாண்டியராஜன் பக்கத்திலிருந்த அனிஷாவிடம் ஏதோ கேட்டார். கட்டு ஒன்று வந்தது. ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். "நாப்பத்தொரு பேர்னு சொல்றீங்க. நாப்பத்தொரு படிவம் இருக்கு. எல்லாத்துலயும் சும்மா இருக்கோம்னுதான் இருக்கு. அல்போன்சா நீங்கதானே? இது உங்க கையெழுத்துதானே?"

தாள் கை மாறிக் கை மாறிக் கடைசி வரிசைக்கு வந்தது. அவள் கையெழுத்துதான். கோழிக் கிறுக்கல் என்று பேரப்பிள்ளைகள் கேலி செய்கிற கையெழுத்து.

"பயந்து சொன்னோம் சார்."

"யாரும்மா பயமுறுத்துனா?"

எந்த ஊரில் போய், எந்த வருடத்திலிருந்து தொடங்குவது? பாண்டியராஜன் கெட்டவர் இல்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தார். "பிளான் அப்ரூவ் ஆயிட்டும்மா. இனிமே மாத்த முடியாது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த படத்தைப் போட்டார்.

வெளியே வாசலில் அனிஷா ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஏம்மா அன்னிக்குச் சொல்லல? மீன் உலர்களம்னு அந்தப் படிவத்துலயே ஒரு கட்டம் இருந்துச்சும்மா. டிக் போட்டிருந்தா சிமென்ட் தளம், தண்ணி, ஷெட்டு எல்லாம் வந்திருக்கும். தருவைகுளத்துல சொன்னாங்க, அவங்களுக்குக் கட்டிக்கிட்டு இருக்கோம். நான் எத்தன தடவ கேட்டேன்?"

"நெசத்தச் சொன்னவள என்னைக்காவது நல்லா இருக்க விட்டிருக்கியளா பிள்ளே?" என்றாள் அல்போன்சா. சொல்லும்போதே அந்தப் பேச்சுக்கு உள்ளே ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தருவைகுளத்தில் விட்டிருக்கிறார்களே.

வீட்டில் அவள் கணவன் சிலுவை, நடந்ததைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பீடி குடித்தான். சின்ன வயதில் சங்கு குளிக்கப் போனவன். "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நீ ஊதாமலே கெடுத்துட்ட" என்றான். வேறு நாளாக இருந்தால் அகப்பை பறந்திருக்கும். அன்றைக்கு அவள் எழுந்து குசினிக்குள் போய்விட்டாள்.

மழைக்காலம் முடிந்ததும் மரங்கள் வந்தன. லாரியில் படுத்த வாக்கில் வந்து, கிரேனில் எழுந்து நின்றன. வேம்பு, புங்கை, வாகை. கூடாரத் துணி கட்டினார்கள். வாசலில் பலகை வைத்தார்கள்: பந்து விளையாடக் கூடாது, ஆடு மாடு விடக் கூடாது, எந்தப் பொருளையும் உலர்த்தக் கூடாது. கடைசி வரியை இரண்டு தடவை படித்துவிட்டு அல்போன்சா திரும்பி நடந்தாள்.

நாற்பத்தொரு பேரும் சிதறினார்கள். பாதிப் பேர் இறால் கம்பெனிக்கு, ஐஸ் தண்ணீரில் கை விறைக்க உரிக்கப் போனார்கள். சிலர் தருவைகுளத்துத் தளத்தில் ஓரமாக ஒரு முழம் இடம் கேட்டுப் போய், "எங்களுக்கே பத்தலக்கா" என்ற பதிலோடு திரும்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அல்போன்சா உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவள் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு இரண்டு ஆள் தள்ளிப் போனாள். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது. அவள் வாய்க்குப் பயந்து யாரும் திட்டவும் இல்லை.

ஜெர்லினுக்குப் பூங்காவிலேயே கூட்டுகிற வேலை கிடைத்தது. நீல நிறக் கோட்டுப் போட்டுக்கொண்டு, தான் மீன் காயப்போட்ட இடத்தில் உதிர்ந்த வேப்பிலையை வாரினாள். அந்தப் படிவத்தைப் பற்றி அவள் ஒரு நாளும் பேசவில்லை. குறுக்கே இழுத்த அந்த இரண்டு கோடும் அல்போன்சாவுக்குத்தான் கண்ணை விட்டுப் போகவில்லை.

அவள் ஒரு சபதம் எடுத்துக்கொண்டாள். இனிமேல் எவர் வந்து கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது. குசினியில் குழம்பு கொதிக்கும்போது சொல்லிப் பார்ப்பாள். "நாங்க நாப்பத்தொரு பேரு. எங்க தொழிலு மீன் காயப்போடுதது. எங்களுக்கு ஒரு மூல வேணும், வெயிலு விழுற மூல." சிலுவை எட்டிப் பார்த்து, "யாருகிட்டளா பேசுத?" என்பான்.

வெயில் விழுகிற மூலை ஒன்று பூங்காவில் இருக்கத்தான் செய்தது. மோட்டார் அறைக்கும் மதிலுக்கும் நடுவே, பைப் போவதால் மரம் வைக்காமல் விட்ட ஒரு துண்டு. பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை அங்கே வெயில் நிற்கும். ஒருநாள் அல்போன்சா முந்தானைக்குள் வைத்துக் கொண்டுபோய் ஒரு சாக்கை விரித்து நெத்திலியைப் போட்டாள். ஜெர்லின் பார்த்தாள். அல்போன்சா சாக்கைச் சுருட்டப் போனாள். ஜெர்லின் போய், 'வேலை நடக்கிறது' என்று எழுதிய மஞ்சள் பலகையை எடுத்துவந்து அந்தச் சந்தின் வாயில் வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து தினமும் பதினொரு மணிக்குப் பலகை வரும், இரண்டு மணிக்குப் போகும். ஆடு ஒன்று உள்ளே வந்ததற்கே முன்பு இருந்தவளைச் சூப்பர்வைசர் வேலையைவிட்டு நிறுத்தியிருந்தார். அது இருவருக்கும் தெரியும்.

பூங்கா திறந்து ஒரு வருடம் ஆனபோது அனிஷா மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை படிவம் இல்லை, கையில் தொட்டு எழுதுகிற டேப் இருந்தது. கூடவே பாண்டியராஜன், அவருக்குப் பின்னால் சூப்பர்வைசர். மக்கள் பூங்காவை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கெடுப்பாம். பன்னிரண்டரை மணி. அட்டைப் பிள்ளைகள் மரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார்கள். அல்போன்சா மோட்டார் அறைக்கு எதிர்ப் பெஞ்சில் காவலுக்கு உட்கார்ந்திருந்தாள். அனிஷா அவளைப் பார்த்ததும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, என்ன ஞாபகம் இருக்கா?"

"மறக்க முடியுமா பிள்ளே."

"இந்தத் தடவ உள்ளதச் சொல்லுங்கம்மா." அனிஷா குரலைத் தாழ்த்தினாள். "எங்கயாவது ஒரு மூலையில இன்னும் காயப்போடுறீங்கன்னா சொல்லுங்க. இருக்குற பயன்பாடுன்னு நான் எழுதிட்டா, ரெண்டு மரத்த எடுத்துட்டு உங்களுக்குக் கொஞ்சம் இடம் கேட்டு வாங்க வழி இருக்கு. சார்கிட்டயும் பேசிட்டேன். நீங்க சொன்னாப் போதும்."

ஒரு வருடமாகச் சொல்லிப் பார்த்த பேச்சு அல்போன்சாவின் நாக்கு நுனியில் வந்து நின்றது. நாங்க நாப்பத்தொரு பேரு. நிமிர்ந்தாள். பாண்டியராஜன் இரண்டடி தள்ளி நின்றார். அவருக்குப் பக்கத்தில் சூப்பர்வைசர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

"இங்க என்ன கருவாட்டு வாடை?" என்றார் அவர்.

பத்தடிக்கு அப்பால் ஜெர்லின் விளக்குமாற்றோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் மஞ்சள் பலகை. காயப்போடுகிறோம் என்றால் எங்கே என்று கேட்பார்கள். எத்தனை நாளாக என்று கேட்பார்கள். இந்தப் பலகையை வைத்தது யார் என்று கேட்பார்கள். இடம் வருகிறபோது வரும், வராமலும் போகும். வேலை இன்றைக்கே போய்விடும். ஜெர்லின் கெஞ்சவில்லை. கண்ணைக்கூடக் காட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, இல்லாத இலையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை இவள் வாயை அடித்து மூடியாயிற்று, இனி வயிற்றிலும் அடிக்கவா என்று அல்போன்சாவுக்கு வந்தது.

"கடக்கரையில மீன் வாடதான் அடிக்கும்" என்றாள்.

"அம்மா" என்றாள் அனிஷா. "இங்க என்ன பண்றீங்க? சொல்லுங்க."

"சும்மா இருக்கேன்."

"சும்மாவா?"

"சும்மாதான் பிள்ளே. காத்து வாங்க வந்தேன்."

அனிஷா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டு டேப்பில் ஒரு இடத்தைத் தொட்டாள். நீட்டிய டேப்பில் அல்போன்சா விரலால் கையெழுத்துப் போட்டாள்.

"என்ன எழுதுன?"

"ஓய்வுன்னு போட்டிருக்கேன்மா."

"போன தடவையும் சும்மான்னுதான சொன்னேன். அப்பம் வேற என்னமோ எழுதுன?"

"அப்ப சும்மான்னு சொன்னா போட, பயன்பாடு இல்லைன்னு ஒரு கட்டம்தான் இருந்துச்சு. இப்ப பார்க் ஆயிட்டதால ஓய்வுன்னு புதுக் கட்டம் வந்திருக்கு. ஓய்வும் பயன்பாடுதான்."

பாண்டியராஜன் குனிந்து திரையைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "பாத்தியா அனிஷா? அன்னிக்கு நம்மகூடச் சண்டைக்கு வந்த அம்மா. இன்னிக்கு வந்து உக்காந்திருக்காங்க. நெழல்னா நெழல்தான்" என்றார். அல்போன்சாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார்.

அவர்கள் வாசலைத் தாண்டிப் போகும்வரை ஜெர்லின் கூட்டிக்கொண்டே இருந்தாள். இரண்டு மணி ஆனதும் வந்து மஞ்சள் பலகையை மடக்கிக் கையில் எடுத்தாள். சந்துக்குள் ஒரு பார்வை பார்த்தாள்.

"சித்தி, நெழல் வந்துட்டு" என்றாள். "அள்ளுங்க."